கல்யாணப் படப்பிடிப்பாளரின் ‘என்னைப் பற்றி’ பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கல்யாணப் படம் எடுப்பவர்களுக்கு இணையத்தளம் செய்துகொடுப்பது என் தொழில். படங்களைத் தெரிவு செய்யும் வரை வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ‘என்னைப் பற்றி’ என்ற பக்கத்துக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, என் பதில்களை எழுதியிருக்கிறேன்.

நான் படம் எடுக்கிறவன், எழுதுறவன் இல்லை. படத்தைப் பார்த்தாலே தெரியும்தானே, பிறகு எதுக்கு இந்தப் பக்கம்?

நீங்கள் எப்படிப் படம் எடுப்பீர்கள் என்பது படத்தில் தெரியும். நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பது அதில் தெரியாது. கல்யாணத்தன்று விடியப்பறமே வீட்டுக்குள் வருகிற வெளி ஆள் நீங்கள்தான். கட்டிலில் கூறைச்சேலையும் நகைகளும் பரப்பிக் கிடக்கும், நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுப்பீர்கள். பெண் உடுத்து முடியும் வரை அறை வாசலில் காத்து நிற்பீர்கள். தாய் தனியாகப் போய்க் கண்ணைத் துடைக்கும் இடத்திலும் நீங்கள் இருப்பீர்கள்.

அந்த இடங்களுக்கெல்லாம் ஓர் ஆளை விடுவதற்கு முன்னால் வீட்டார் யோசிப்பார்கள். முன்பு ஊர் ஸ்டூடியோக்காரரை எல்லாருக்கும் தெரியும், விசாரிக்கத் தேவையே இருக்காது. இப்போது கல்முனையில் இருப்பவரை ஏறாவூரில் இருப்பவர்கள் போனில் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். அந்த விசாரணைக்கு நீங்கள் கொடுக்கிற பதில்தான் இந்தப் பக்கம்.

இதை ஆர் வாசிக்கப் போறாங்க? பொண்ணும் மாப்பிள்ளையும்தானே?

அவர்கள் படங்களைப் பார்ப்பார்கள். உங்களைப் பற்றி நின்று வாசிப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். நம்முடைய பகுதியில் கல்யாணத்தின் பாரம் அதிகமும் பெண் வீட்டார் தலையில்தான். வீடு கட்டிக் கொடுப்பதும் அவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து இருப்பதும் அந்த வீட்டில்தான். ஆகவே பெண்ணின் தாய், தாய்மாமன், காசு அனுப்புகிற அண்ணன், கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற சித்தி, இவர்கள்தான் ‘இந்த ஆள் சரியான ஆளா?’ என்று பார்ப்பார்கள்.

உங்கள் இணைப்பு குடும்ப வட்ஸ்அப் குழுவில் போய் விழும். அங்கே ஒரு படமும், தலைப்பும், ஓரிரண்டு வரியும் மட்டும் தெரியும். அதைத் தட்டி உள்ளே வருகிறவருக்கு ஐம்பது வயதும் கண்ணாடியும் இருக்கும் என்று நினைத்து எழுதுங்கள். எழுத்தின் அளவும் அதற்கேற்ற மாதிரி இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து ஸ்டைலாகத் தெரியும், ஆனால் அந்தச் சித்திக்கு வாசிக்க முடியாது.

எவ்வளவு நீளம் எழுதணும்?

நூற்றைம்பதிலிருந்து இருநூற்றைம்பது சொல் போதும். போனில் இரண்டு மூன்று தடவை விரலால் தள்ளினால் முடிந்துவிட வேண்டும். நான்கைந்து சிறு பந்திகளாகப் பிரித்துவிடுங்கள். சொல்ல இன்னும் இருக்கிறது என்றால் சடங்குகளுக்கு, விலைக்கு, அல்பத்துக்கு எனத் தனித்தனிப் பக்கம் போடலாம்.

முதல் வரியில என்ன போடுறது? எல்லாரும் ‘வணக்கம், எங்கள் தளத்துக்கு வரவேற்கிறோம்’ எண்டுதான் போடுறாங்க.

வரவேற்பு வேண்டாம். நீங்கள் யார், எந்த ஊர், என்ன எடுக்கிறீர்கள் என்ற மூன்றையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ‘நான் திருக்கோவிலில் இருந்து கல்யாணங்களைப் படம் எடுக்கிறேன்’ என்றால் போதும். கூகுள் தேடலில் தலைப்புக்குக் கீழே வருவது ஏறக்குறைய இரண்டு வரிதான், வட்ஸ்அப்பிலும் அப்படித்தான். அந்த இடத்தை ‘வரவேற்கிறோம்’ என்ற சொல் பிடித்துக்கொண்டால், ‘கல்முனை கல்யாணப் படம்’ என்று தேடுகிறவருக்கு நீங்கள் எந்த ஊர் என்பதே தெரியாமல் போய்விடும்.

‘நான்’ எண்டு எழுதுறதா, இல்லாட்டி ‘இவர் ஒரு சிறந்த கலைஞர்’ எண்டு வேற ஆள் சொல்ற மாதிரி எழுதுறதா?

தனியாக வேலை செய்கிறவர் ‘நான்’ என்று எழுதுங்கள். கல்யாணத்தன்று வரப்போவது நீங்கள். நீங்களே எழுதிய பக்கத்தில் உங்களை ‘இவர்’ என்று புகழ்வது மேடை அறிவிப்பாளர் பேசுகிற மாதிரி இருக்கும். குழுவாக வேலை செய்தால் ‘நாங்கள்’ சரி. ஆனால் யார் யார் என்று உடனே சொல்லுங்கள்: ஒருவர் படம், ஒருவர் வீடியோ, ஒருவர் அல்பம் வடிவமைப்பு. ஒற்றை ஆளாக இருந்துகொண்டு பெரிதாகத் தெரிவதற்காக ‘நாங்கள்’ போடாதீர்கள். கல்யாணத்தன்று ஒருவர் மட்டும் வந்து இறங்கினால் வீட்டார் மற்ற ஆட்கள் எங்கே என்று கேட்பார்கள்.

‘உங்கள் அழகிய தருணங்களை என்றென்றும் நினைவில் நிற்கும் காவியமாக்குகிறோம்’ எண்டு வெச்சிருக்கன். நல்லாத்தானே இருக்கு?

இதில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. சென்னைக்காரரும் கொழும்புக்காரரும் இதே வரியை அப்படியே போடலாம். வாசிப்பவர் இந்த மாதிரி வரிகளை நிறையப் பார்த்துவிட்டதால் கண் தானாகவே தாண்டிப் போய்விடும்.

அந்த இடத்தில் நீங்கள் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு ஒரு பக்கத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: ‘தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசைக்கு முன்னால் நிற்க மாட்டேன். மணவறையின் பக்கவாட்டில் நின்றே எடுப்பேன், உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும் தாலி கட்டுவது தெரிய வேண்டும். முதல் நாளே வீட்டுக்கு வந்து எந்த அறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போவேன். அப்பம்மா, அம்மம்மாமாரைத் தனியே ஒரு படம் எடுப்பேன், யாரும் கேட்காவிட்டாலும்.’

இதில் ‘அழகிய’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனாலும் வாசித்து முடித்ததும் ஓர் ஆள் கண்முன்னே வந்து நிற்கிறார். கெட்டிமேளம் கொட்டி, எல்லாரும் எழும்பி அறுகரிசி எறிகிற நேரத்தில் கமராக்காரரின் முதுகை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியே அவர்களைத் தொட்டுவிடும்.

அப்படியெண்டா நான் செய்யிற காரியம் எதெண்டு எனக்கே தெரியாது. என்னண்டு கண்டுபிடிக்கிறது?

உங்களுக்கு அது பழகிப்போய்விட்டது, அதனால் கண்ணில் படாது. நீங்கள் படம் எடுத்த வீட்டில் கேளுங்கள். ‘படம் எப்படி?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பார்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘அன்றைக்கு நான் செய்ததில் உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கு?’ என்று கேளுங்கள். ‘தம்பி, நீங்க பந்தியில சாப்பிடாம நிண்டதக் கண்டு மாமி கூப்பிட்டு இருத்தினா’, ‘புள்ள அழுதோண்ண கமராவ இறக்கிட்டீங்க’ என்று ஏதாவது வரும். அதுதான் உங்கள் பக்கத்துக்கு வேண்டியது. அவர்களின் பெயரைப் போடுவதென்றால் மட்டும் அனுமதி கேளுங்கள்.

ஊர்ப் பெயர் போட்டா அந்த ஊர்க்காரர் மட்டும்தான் எடுப்பாங்க எண்டு சொல்றாங்களே?

ஊர் இல்லாத ஆளை நம்முடைய சனம் நம்பாது. ‘இலங்கை முழுவதும் சேவை’ என்று மட்டும் போட்டால் ‘எந்த ஊர்?’ என்ற கேள்விதான் வரும். இருக்கும் ஊரைச் சொல்லி, எங்கெல்லாம் போவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: ‘ஆரையம்பதியில் இருக்கிறேன். வாகரையிலிருந்து பொத்துவில் வரை வருவேன், திருகோணமலைக்கும் கொழும்புக்கும் போயிருக்கிறேன்.’ போயிருந்தால் மட்டும் எழுதுங்கள்.

அப்புறம் இடங்கள். எல்லாப் பக்கத்திலும் கல்லடிப் பாலமும் பாசிக்குடாவும் இருக்கின்றன. இரண்டும் அருமையான இடங்கள். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தின் சட்டங்களுக்குள் மாலை வெளிச்சம் விழுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவை எல்லாருக்கும் பொதுவான இடங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த இடம் என்று ஒன்று இருக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்கள் தை மாதத்தில் எப்படிப் பச்சையாக இருக்கும், மாசி பங்குனியில் அறுவடையோடு எப்போது நிறம் மாறும் என்பது அங்கே வளர்ந்தவருக்குத் தெரியும். கரையோரத்து ஊர்களில் சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் இறங்குகிறது. ஆகவே காலையில் கடற்கரை, மாலையில் வாவிக்கரை என்று திட்டம் போடுவேன், மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் போய்விடும் என்பதால் நேரத்தோடு புறப்படுவேன் என்று ஒருவர் எழுதினால், அவருக்கு இந்த மண்ணும் தெரியும், தொழிலும் தெரியும் என்று விளங்கிவிடும்.

சடங்குகளைப் பற்றி எழுதத்தான் வேணுமா? கல்யாணம் எண்டா எல்லாம் ஒண்டுதானே?

ஒன்றில்லை. உங்களை எடுக்கலாமா என்று யோசிக்கிற பெரியவர்களுக்கு இதுதான் முக்கியமான இடம். கன்னிக்கால் ஊன்றுவது, பொன்னுருக்கு, கூறை மாற்றுவது, தாலி, ஆலாத்தி என ஒவ்வொன்றும் எந்த ஒழுங்கில் வரும் என்று தெரியாத ஆளிடம் ‘தம்பி, இங்க வா, இத எடு’ என்று சொல்லிக்கொண்டே இருக்க ஒருவரை நிறுத்த வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை இல்லை என்று காட்டுங்கள். இந்தியத் தளங்களைப் பார்த்து அங்கே நடக்கிற சடங்குகளின் பெயர்களைப் பெயர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய பெரியவர்கள் அதைக் கண்டதும் இவர் வேறு எங்கோ உள்ள ஆள் என்று நினைத்துவிடுவார்கள்.

பட்டியல் போடாமல் ஒரு சடங்கை எடுத்து, அதில் நீங்கள் எதைக் கவனிப்பீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். தாலி ஏறும்போது பெண்கள் குரவை போடுவார்கள். எல்லாக் கமராவும் மணவறையைப் பார்த்திருக்கும் நேரம் அது. அந்தப் பக்கம் திரும்பி, குரவை போடுகிற பெரியம்மாவின் முகத்தை எடுக்கிற ஆள் என்றால் அதைச் சொல்லுங்கள். நிக்காஹ் எடுப்பவர் என்றால், பெண்ணின் பொறுப்பாளரான ‘வலி’யும் மாப்பிள்ளையும் கை பிடித்திருக்கும் அந்தச் சில நொடிகளில் பிளாஷ் போடாமல் எடுப்பேன் என்று சொல்லுங்கள். தேவாலயக் கல்யாணம் என்றால், ஆராதனை நடக்கும்போது எந்த எல்லையைத் தாண்டக் கூடாது என்று முதலே குருவானவரிடம் கேட்டுக்கொள்வேன் என்று எழுதலாம். மட்டக்களப்பில், போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணமும் இருக்கிறது. அங்கே வயலினோடு கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் கூட்டத்துக்குள் இறங்கி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துப் பழக்கமில்லாத சடங்கை மட்டும் சேர்க்காதீர்கள். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே அது வெளியே வந்துவிடும்.

நான் முஸ்லிம். தமிழாக்கள்ட கல்யாணமும் எடுக்கிறன். அத எப்படிச் சொல்றது? பேரைப் பாத்திட்டுப் போயிடுவாங்களோ எண்டு பயமா இருக்கு.

காத்தான்குடியில் இருக்கும் முஸ்லிம் ஒருவர் இதைக் கேட்டார், காரைதீவில் இருக்கும் தமிழர் ஒருவரும் இதையே மறுபுறமாகக் கேட்டார். ‘இன மத பேதமின்றிச் சேவை செய்கிறோம்’ என்று எழுதுவதால் யாருக்கும் தைரியம் வராது. அதில் நல்ல மனம் இருக்கிறது, ஆனால் வாசிப்பவரின் பயம் வேறு: ‘இவருக்கு நம்முடைய வழக்கம் தெரியுமா, வந்த இடத்தில் யாருடைய மனமும் நோகுமா?’ என்பதுதான் அது. மேலே சடங்குகள் பற்றிச் சொன்னதை இங்கே அப்படியே பயன்படுத்துங்கள்.

முஸ்லிம் படப்பிடிப்பாளர் ஒருவர், ‘மணவறைக்குக் கிட்டே செருப்போடு வர மாட்டேன். கோயிலுக்குள் எங்கே நின்று எடுக்கலாம் என்று முதலே ஐயரிடம் கேட்டுக்கொள்வேன்’ என்று எழுதலாம். தமிழ்ப் படப்பிடிப்பாளர், ‘பெண்கள் இருக்கும் பகுதிக்குள் நான் வர மாட்டேன், அங்கே எடுக்க எங்களோடு ஒரு பெண் படப்பிடிப்பாளர் வருவார். மணமகளின் படங்களை எந்த இடத்திலும் போட மாட்டேன், அல்பத்தையும் கோப்புகளையும் குடும்பத்தின் கையில் மட்டும் கொடுப்பேன்’ என்று எழுதலாம். செய்ய முடிந்தால் மட்டும் எழுதுங்கள். இப்படி எழுதினால் பெயரைப் பார்த்துத் தயங்கியவரும் அழைத்துப் பேசிப் பார்ப்பார்.

நான் பொம்பிளப் படப்பிடிப்பாளர். முகத்தைப் போட வீட்ல விருப்பமில்ல. படம் இல்லாம நம்புவாங்களா?

நம்புவார்கள், தங்கச்சி. பெண்கள் பகுதிக்குப் பெண்தான் வேண்டும் என்று தேடுகிற குடும்பங்களுக்கு நீங்கள் முகம் காட்டாதது குறையாகத் தெரியாது, தங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளை என்றுதான் தெரியும். முகத்துக்குப் பதிலாக, கமராவைப் பிடித்திருக்கும் உங்கள் கைகள், அல்பம் அடுக்கியிருக்கும் மேசை, வேலை செய்யும்போது பின்னாலிருந்து எடுத்த படம் என ஏதாவது ஒன்று போடுங்கள். பூப்படமோ கார்ட்டூன் படமோ போட்டால் அந்தக் கணக்கு உண்மையில் யாருடையது என்ற சந்தேகம் வரும்.

எழுத்தில் இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்று, கல்யாணத்துக்கு நீங்களே வருவீர்கள், உதவிக்கு வருபவரும் பெண்தான். இரண்டு, படங்களைத் திருத்துவதும் நீங்களே, அச்சுக்குப் போகும் வரை வேறு யாரும் பார்ப்பதில்லை. இந்த இரண்டாவதை யாரும் எழுதுவதில்லை. ஆனால் படம் எடுத்தவர் பெண்ணாக இருந்தும், திருத்துகிற கடையில் யார் யார் பார்க்கிறார்கள் என்ற கவலை தாய்மாருக்கு உண்டு. அச்சுக் கூடம் வெளியில் என்றால் அதையும் எப்படிக் கவனிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மத்தவங்க எப்படிப்பட்ட படம் போடணும்?

கமராவால் முகத்தை மறைக்காத படம். வாசலோரத்து நிழலில், கண்கள் தெரிய, வேலைக்குப் போகும் உடுப்போடு எடுத்தால் போதும். கறுப்புக் கண்ணாடியும் மோட்டார் சைக்கிளும் பேஸ்புக்குக்கு வைத்துக்கொள்ளலாம். உங்களை நீங்களே எடுக்காமல் கூடத் தொழில் செய்கிற ஒருவரிடம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்பதான் தொடங்கியிருக்கன். தனியா ஒரு கல்யாணமும் எடுக்கல்ல, வேற ஆளுக்கு ரெண்டாம் கமராவாப் போயிருக்கன். என்ன எழுதுறது?

அதையே எழுதுங்கள். ‘மூன்று வருடமாகப் பெரிய கல்யாணங்களில் இரண்டாவது கமராவாக வேலை செய்தேன், இந்த வருடம் தொடக்கம் தனியாக எடுக்கிறேன்’ என்பது கௌரவமான வரி. நெருக்கடியான மண்டபத்தில் நின்று பழகியவர் என்று அதில் தெரிகிறது. ‘பத்து வருட அனுபவம்’ என்று போட்டுவிட்டு, உங்கள் வயதைக் கணக்குப் பார்க்கிற தாய்மாமனிடம் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

படங்கள் வேறு விஷயம். வேறொருவரின் வேலைக்குப் போய் எடுத்த படங்களை அவரைக் கேட்காமல் உங்கள் தளத்தில் போடக் கூடாது. இலங்கையில் படங்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, அத்தோடு அந்தக் குடும்பம் ஒப்புக்கொண்டதும் அவரிடம்தான். கேட்டு, ‘சரி’ என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள், வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, நண்பர்களின் பதிவுத் திருமணம் என உங்கள் கையால் எடுத்ததைப் போடுங்கள். நல்ல படம் பதினைந்து இருந்தாலே போதும்.

கமரா, லென்ஸ் விபரம் போடலாமா? நல்ல காசு குடுத்து வாங்கினது.

மொடல் இலக்கம் படம் எடுப்பவர்களுக்குத்தான் விளங்கும். பெண்ணின் தாய்க்கு வேண்டிய விபரம் வேறு. ‘ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவாகும் கமரா பாவிக்கிறேன், ஒன்று பழுதானாலும் படம் போகாது’, ‘மின்சாரம் நின்றாலும் என்னிடம் பற்றரி விளக்கு இருக்கிறது’, ‘அன்றிரவே படங்களை இரண்டு இடத்தில் சேமித்துவிட்டுத்தான் படுப்பேன்’ என்று எழுதுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியதன் பயன் அவருக்கு இப்படித்தான் தெரியும்.

சான்றிதழ், விருது, வியாபாரப் பதிவு, ட்ரோன், எல்லாம் போடணுமா?

கடைசிப் பந்தியில் ஒரு வரி. தேசிய தொழில் தகைமைச் (என்.வி.கியூ.) சான்றிதழ் இருந்தால், பிரதேச செயலகம் மூலம் வியாபாரப் பெயரைப் பதிந்திருந்தால் சொல்லுங்கள், வெளிநாட்டிலிருந்து முற்பணம் அனுப்புகிறவருக்கு அது தைரியம் தரும். ட்ரோன் பறக்க விடுவதென்றால் அதைச் சிவில் விமானத் துறை அதிகாரசபையில் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருக்கிறீர்கள் என்றும், எங்கே பறக்க விட முடியாதோ அதை முதலே சொல்லிவிடுவேன் என்றும் எழுதலாம்.

தமிழ்ல மட்டும் போதுமா? வெளிநாட்டுப் புள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே.

தமிழில் முதலில் எழுதுங்கள், பெரியவர்கள் வாசிப்பது அதை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் சிறியதாக இன்னொன்று வேண்டும். அதில் பொன்னுருக்கு என்றால் என்ன, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஓரிரு வரி கூடுதலாகச் சொல்லுங்கள், தங்களுடைய கல்யாணத்தில் என்ன நடக்கப்போகிறது என்பதே சிலருக்குத் தெரியாது. அம்பாறை நகரத்தில் வேலை எடுக்கிறவர் சிங்களத்திலும் ஒரு பந்தி வைப்பது நல்லது. சிங்களம் தாய்மொழியான ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். கைபேசி மொழிபெயர்ப்பில் மரியாதைச் சொற்கள் குழம்பிப் போகும்.

பாமினியில அடிச்சு வெச்சிருக்கன், அத அப்படியே ஒட்டலாமா?

ஒட்ட முடியாது. அல்ப வடிவமைப்புக்குப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு பழகிய கைகள் நிறைய, அதனால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. பாமினி எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும், கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. எல்லாப் போனிலும் தெரிகிற யூனிகோட்டுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை முழுதாக வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அறிமுகத்தை அழகான எழுத்தில் படமாக்கிப் போடுவதும் வேண்டாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடலில் கண்டுபிடிப்பது கடினம், போனில் வாசிக்கவும் சிறிதாகிவிடும்.

சாட்ஜிபிடியிட்ட கேட்டா ஒரு நிமிஷத்தில எழுதித் தருதே?

தரும். ‘கல்யாணப் படப்பிடிப்பாளருக்கு அறிமுகம் எழுது’ என்று மட்டும் கேட்டால், மேலே பார்த்த ‘அழகிய தருணங்கள்’ வரிதான் வேறு உடுப்பில் வரும், பக்கத்து ஸ்டூடியோக்காரருக்கும் அதே வரும். மாமி உங்களைப் பந்தியில் இருத்தின கதை அதற்குத் தெரியாது. முதலில் உங்கள் விஷயத்தை நீங்கள் பேசுகிற மாதிரியே போனில் பேசிப் பதிந்து, அதை எழுத்தாக்குங்கள். எழுத்துப்பிழை பார்க்கவும் ஆங்கிலப் பந்தியைச் சரிசெய்யவும் கருவியை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லாத அனுபவம், வாங்காத விருது ஏதாவது உள்ளே நுழைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

மனைவி, புள்ளைகள், வீட்டு விலாசம் எல்லாம் போட்டா நெருக்கமா இருக்குமெண்டு சொன்னாங்க.

‘இரண்டு பிள்ளைகளின் தகப்பன்’ என்பது போதும். பிள்ளைகளின் பெயர், பாடசாலை, படம் எதுவும் வேண்டாம். வீட்டு விலாசத்துக்குப் பதில் ஊரும் தெருவும் போதும். கல்யாணத்தன்று நீங்கள் முழு நாளும் வீட்டில் இருக்க மாட்டீர்கள் என்பதும், வீட்டில் விலை உயர்ந்த கமராக்கள் இருக்கின்றன என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

விலையை இதுக்குள்ள எழுதலாமா?

இந்தப் பக்கத்தில் வேண்டாம், தனிப் பக்கத்தில் போடுங்கள். ஆனால் பேசும் விதத்தை இங்கே சொல்லலாம்: முற்பணம் எவ்வளவு விகிதம், அல்பம் எத்தனை நாளில் வரும், திகதி மாறினால் என்ன செய்வீர்கள். ஐப்பசிக்குப் பிறகு நமக்கு மழைக்காலம். வெள்ளத்தில் பாதை மூடித் திகதி மாறினால் முற்பணம் அப்படியே புதுத் திகதிக்குப் போகும் என்று ஒருவர் எழுதியிருந்தார், நம்முடைய பகுதிக்கு மிகப் பொருத்தமான வரி அது.

கடைசியா எத எழுதி முடிக்கிறது?

தொடர்பு. நாட்டு இலக்கமான +94 சேர்த்த போன் இலக்கம், தட்டினால் நேரே வட்ஸ்அப்பில் திறக்கிற இணைப்பு, எந்த நேரம் பேசலாம் என்ற விபரம். லண்டனில் இரவு எட்டு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். ‘குரல் செய்தி அனுப்புங்கள், காலையில் பதில் தருவேன்’ என்று எழுதிவிட்டால் அவர்களும் கோபிக்க மாட்டார்கள், நீங்களும் நித்திரை கொள்ளலாம்.

நானும் கூட்டாளியும் பிரிஞ்சிட்டம். பழைய பேர்ல எடுத்த கல்யாணங்கள என்ர அனுபவமாப் போடலாமா?

அனுபவம் உங்களுடையது, அதை யாரும் எடுக்க முடியாது. ‘2017 முதல் 2023 வரை கூட்டாக ஒரு ஸ்டூடியோ நடத்தினேன், இப்போது தனியாக எடுக்கிறேன்’ என்று எழுதுங்கள். ஏன் பிரிந்தீர்கள் என்பது வேண்டாம், மறைமுகமாகக்கூட வேண்டாம். ‘இனிமேல்தான் உண்மையான தரம்’ என்ற மாதிரி ஒரு வரி போட்டால், முன்பு உங்களிடம் கல்யாணப் படம் எடுத்தவர்களுக்கே அது அவமானம்.

படங்களை யார் எதைப் போடலாம் என்று இருவரும் உட்கார்ந்து பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாம் கமரா கேள்விக்குச் சொன்னதுதான் இதற்கும். உங்கள் கையால் எடுத்த படம் என்றாலும், அந்தக் குடும்பத்துக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டுப் போடுவது மரியாதை. பக்கத்தைத் திருத்துகிற அன்றே பேஸ்புக் அறிமுகத்தையும் கூகுள் வரைபடத்தில் உள்ள பெயரையும் போன் இலக்கத்தையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எழுத்தை வாசித்து விருப்பப்பட்ட ஆள், கூட்டாளியின் போனுக்குத்தான் எடுப்பார்.